நம் ஊரில் செய்த செல்போன் நமக்கு ஏன் விலை கூடுதல்?

திருவண்ணாமலைக் கடைத்தெருவில் செல்போன் விலை கேட்பவர்கள் அடிக்கடி ஒரு வார்த்தை சொல்வார்கள்.

"துபாயில் இதைவிட மலிவாமே! மாமாவை வாங்கி வரச் சொன்னால் போகிறது!"

அது உண்மையா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் செய்கிறார்கள். நம் மாவட்டத்துப் பெண்களும் அங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கைபட்ட போன் கடல் கடந்து அமெரிக்கா போகிறது. அங்கே விலை குறைவு. செய்த இடத்தில் விலை அதிகம்! இது என்ன நியாயம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே போன், மூன்று விலை

2023 செப்டம்பரில் ஐபோன் 15 விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் அதன் ஆரம்ப விலை ரூ.79,900. அமெரிக்காவில் 799 டாலர். அப்போது ஒரு டாலர் சுமார் 83 ரூபாய். ஆகவே நம் பணத்தில் ரூ.66,300. துபாயில் 3,399 திர்ஹாம். அதாவது சுமார் ரூ.76,800.

அமெரிக்க விலைக்கும் நம் விலைக்கும் வித்தியாசம் ரூ.13,600. இந்தப் பணம் எங்கே போகிறது?

நம் கடையில் சொல்லும் விலை, வரி சேர்ந்த விலை. செல்போனுக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 18. (2020 ஏப்ரல் 1-ந் தேதிக்கு முன்பு 12 ஆக இருந்தது.) 79,900 ரூபாயில் சுமார் 12,200 ரூபாய் இந்த வரிதான். அதைக் கழித்தால் மிச்சம் ரூ.67,700.

அமெரிக்காவில் சொல்லும் விலையோ வரி சேராத விலை. பில் போடும்போதுதான் வரியைச் சேர்ப்பார்கள். அந்த வரியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓரிகான் மாநிலத்தில் வரியே கிடையாது.

ஆக, வரியை நீக்கிப் பார்த்தால் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே விலை!

ஏற்றுமதி ஆகும் பொருள் மீது நம் ஜி.எஸ்.டி. நிற்பதில்லை. பொருள் எங்கே விற்கிறதோ, அந்த நாட்டு வரிதான் அதன்மேல் ஏறும். அதனால்தான் இங்கே செய்த போன் அங்கே மலிவாகத் தெரிகிறது.

எல்லையில் ஒரு வாசல்

நம் ஊர் மல்லாட்டை சென்னைக்குப் போனால் விலை ஏறுகிறது. லாரி வாடகை, தரகு, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்கின்றன. நாடு விட்டு நாடு போகும் பொருளுக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு. எல்லை வாசலில் நின்று வாங்கும் சுங்க வரி!

அது எவ்வளவு வேலை செய்கிறது, பாருங்கள்.

அதே 2023-ல் ஐபோன் 15 புரோ என்ற உயர்ந்த ரகமும் வந்தது. அப்போது அதை இந்தியாவில் செய்யவில்லை. வெளிநாட்டிலிருந்தே வந்தது. அமெரிக்காவில் 999 டாலர், அதாவது ரூ.82,900. இங்கே ரூ.1,34,900. வித்தியாசம் 52,000 ரூபாய்!

இதில் ஜி.எஸ்.டி. சுமார் 20,600 ரூபாய். மீதியில் சுங்க வரியும், கம்பெனியும் வியாபாரிகளும் வைக்கும் விலையும் அடக்கம்.

2024 ஜூலையில் செல்போன் சுங்க வரி நூற்றுக்கு 20-லிருந்து 15 ஆகக் குறைந்தது. புரோ ரகத்தையும் இந்தியாவிலேயே செய்ய ஏற்பாடு நடந்தது. அந்த செப்டம்பரில் வந்த ஐபோன் 16 புரோ விலை ரூ.1,19,900. பழைய ரகத்தைவிட 15,000 ரூபாய் குறைவு!

எதற்காக இந்த வரி?

2017 ஜூலையில் செல்போனுக்குச் சுங்க வரி நூற்றுக்கு 10 போட்டார்கள். அதே டிசம்பரில் 15. 2018 பிப்ரவரியில் 20.

"இங்கே விற்க வேண்டுமா? இங்கேயே தொழிற்சாலை வை" என்பதுதான் இதன் பொருள். தொழிற்சாலைகள் வந்தன. கிராமத்துப் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. ஆனால் வெளிநாட்டுப் பொருள் வாங்கியவர் கூடுதல் விலை கொடுத்தார். ஒரு கை கொடுத்தது, ஒரு கை வாங்கியது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாமாவிடம் சொல்லலாமா?

துபாய் கணக்கை மறுபடி பாருங்கள். ஐபோன் 15-ல் மிச்சம் 3,100 ரூபாய்தான். அதற்காக இவற்றையும் யோசிக்க வேண்டும்:

பயணி கொண்டுவரும் பொருளுக்கு ஓர் அளவு வரைதான் வரி விலக்கு. அளவு மீறினால் விமான நிலையத்திலேயே சுங்க வரி கட்ட வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

டி.வி. என்றால் இன்னும் கவனம் தேவை. தட்டை டி.வி.க்கு இருந்த சலுகையை 2013 ஆகஸ்ட் 26-ந் தேதி முதல் அரசு எடுத்துவிட்டது. இங்கேயோ 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆக 2025 செப்டம்பர் 22-ல் குறைந்தது.

அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-ல் வந்த 14-ம் ரகம் முதல் சிம் கார்டு போடும் இடமே இல்லை. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. 100 வோல்ட்டுக்கு மட்டுமே செய்த சாமானை இங்கே போட்டால் புகைந்துவிடலாம்.

பழுதானால் இலவசமாகப் பார்ப்பார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி யாராவது "அங்கே மலிவு" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். வரி சேர்ந்த விலையா? இன்றைய டாலர் கணக்கா? பழுதானால் யார் பார்ப்பார்?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் மாமாவுக்குப் போன் போடலாம். இல்லாவிட்டால் தேரடி வீதிக் கடையே லாபம்!