போட்டோ மாதிரியே இருக்காம்

ராபர்ட் லாங்கோவின் கரித்துண்டு ஓவியத்தை யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் வார்த்தை இதுதான்: "அப்படியே போட்டோ மாதிரி இருக்கே!" பாராட்டாம். ஒருத்தர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு "ஓட்டல் பார்சல் மாதிரியே இருக்கு" என்று சொல்கிற வகைப் பாராட்டு.

லாங்கோ போட்டோவைப் பார்த்துத்தான் வரைகிறார். அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. புரொஜக்டரில் போட்டுக் கோடு எடுத்து, உதவியாளர்களோடு சேர்ந்து கரியைத் தேய்க்கிறார். வெள்ளைக்குச் சாயம் இல்லை. கரி படாத காகிதம்தான் வெள்ளை. அப்புறம் போட்டோ மாதிரி இல்லாமல் வேறெப்படி இருக்கும்? கேட்க வேண்டியது வேறு: எந்தப் போட்டோ? அதை ஏன் இவ்வளவு பெரிசாக வரையணும்?

2014 ஆகஸ்ட் 9. ஃபெர்குசனில் கையில் ஆயுதம் இல்லாத 18 வயது மைக்கேல் பிரௌனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். நவம்பர் 24 அன்று, போலீஸ்காரர்மேல் வழக்கு வேண்டாம் என்று கிராண்ட் ஜூரி முடிவெடுத்தது தெரியவந்தது. அடுத்த ஆறாவது நாள், செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் ஐந்து கறுப்பின வீரர்கள் இரண்டு கைகளையும் தூக்கியபடி மைதானத்துக்குள் வந்தார்கள். போலீஸ் சங்கம் கொதித்தது, நடவடிக்கை எடு என்றது. லீக் எடுக்கவில்லை. டிவியில் சில நொடிகளில் கடந்துபோன அந்தக் காட்சியை லாங்கோ 2016இல் கரியில் நிறுத்தினார்.

பிரௌன் கை தூக்கியதாகச் சொன்ன சாட்சிகளை நம்ப முடியவில்லை என்று 2015இல் அமெரிக்க நீதித்துறை அறிக்கை சொன்னது. அதனால் இந்த ஓவியமே பொய் என்று வாதாட வருகிறவர்களுக்கு ஒன்று: அந்த ஐந்து பேரும் தடயவியல் அறிக்கை கொடுக்க மைதானத்துக்கு வரவில்லை.

தமிழில் போலீசிடமும் சரண்தான், சாமியிடமும் சரண்தான். ஓவியத்தில் அந்தக் கைகளைப் பார்க்கும்போது எந்தச் சரண் என்று சட்டெனப் பிரிக்க முடியவில்லை. பேட் கட்டிய தோள்கள், கோடிக்கணக்கான பேர் கைதட்டும் உடம்புகள். அந்த உடம்பே 'சுடாதே' என்று நிற்கிறது. இங்கே ஓவியத்தின் அளவுக்கு ஒரு வேலை இருக்கிறது.

இதே லாங்கோ 2011இல் பாரிஸில் 'காட் மெஷின்ஸ்' என்று மூன்று பிரம்மாண்ட ஓவியங்களை வைத்தார். மெக்காவின் காபா, ரோமின் புனித பேதுரு பேராலயம், ஜெருசலேமின் அழுகைச் சுவர். எனக்கு அது தோல்விதான். புனித பேதுரு பேராலயம் கட்டப்பட்டதே உள்ளே வருகிறவனைச் சுண்டைக்காய் ஆக்கத்தான். அதையே திரும்பப் பெரிசாக வரைந்தால் என்ன புதுசாகத் தெரிந்துவிடும்? மூன்று மதங்களையும் ஒரே கறுப்பில் நிறுத்தி 'இயந்திரம்' என்று பெயர் வைத்தால் விமர்சனம் ஆகிவிடுமா? பெயர் எகிறுகிறது, ஓவியம் கும்பிடுகிறது. அந்த மிரட்சியைத்தான் காட்டுகிறார் என்று ரசிகர்கள் சொல்லலாம். மிரட்டலைக் காட்டுவதற்கும், நம்மையே மிரட்டிவிட்டுப் போவதற்கும் கொஞ்சமாவது வித்தியாசம் வேணாமா?

போட்டோ மாதிரி என்று சொல்லி நகர்கிறவருக்கு இந்த இரண்டும் ஒரே சாதனை. அதே கரி, அதே பொறுமை, அதே 'வாவ்'. போன் திரையில் பேராலயமும் ராம்ஸ் வீரரும் வேறு ஒரே உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடுகிறார்கள், கேட்கவா வேணும்.