மனோதர்மத் தையலைக் கற்பிக்கும் முறை

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்தலாமா என்று ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழு ஆலோசிக்குமானால், இரண்டு ஆட்சேபங்கள் தவறாமல் எழும். வரைபடமும் அளவுகோலும் இன்றி, கைக்குக் கிடைத்த துணியைப் பார்த்துப் பார்த்து இணைத்துச் செல்லும் தையல் தானாக வரவேண்டிய திறமை. அதைப் பிறருக்குக் கற்பிக்க இயலாது என்பது முதல் ஆட்சேபம். ஒன்றுபோல் மற்றொன்று இராத சரக்கைச் சங்கம் எவ்வாறு விற்கும் என்பது இரண்டாவது. இவை அலட்சியம் செய்யத்தக்க கேள்விகள் அல்ல. ஆயினும், இத்தொழிலில் பேர்பெற்ற இரு சமூகத்தாரின் அனுபவத்தை நோக்குமிடத்து, முதல் ஆட்சேபம் நிலைக்காது என்பதும், இரண்டாவதற்குக் கூட்டுறவு முறையிலேயே விடை உண்டு என்பதும் என் கருத்து.

நம் சங்கீதத்தில் மனோதர்மம் என்று ஒன்று உண்டு. ராக ஆலாபனையை எவரும் எழுதி வைத்துப் பாடுவதில்லை. எனினும் ராகத்தின் எல்லை வகுக்கப்பட்டது. அதனுள்தான் பாடகர் தம் கற்பனையைச் செலுத்துகிறார். குருவும் எல்லையைத்தான் கற்பிக்கிறார். ஆலாபனையை மாணவரே செய்து பழகவேண்டும். நாம் பேசும் தையலும் இவ்வகையினதே. ஆகவே இதை மனோதர்மத் தையல் என்று அழைக்கிறேன்.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் சந்ததியினரான கறுப்பின மக்கள் அங்கே வாழ்கின்றனர். குளிருக்குப் போர்வை வாங்க வசதியற்ற அவ்வூர்ப் பெண்கள், கிழிந்த வேலை உடைகளையும் மாவு மூட்டைத் துணிகளையும் வெட்டி இணைத்துப் போர்வை தைத்தனர். பஞ்சு அரைக்கும் ஆலையின் தரையில் சிதறிக் கிடந்த கழிவுப் பஞ்சைச் சேகரித்து, கோலால் அடித்துப் பரப்பி, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே வைத்தனர். அவர்கள் பெரிதும் கையாளும் முறைக்கு வீட்டுக்கூரை என்று பொருள்படும் பெயர். நடுவே ஒரு சதுரத் துண்டை வைத்து, அதன் பக்கங்களில் பட்டைகளைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போவார்கள். பட்டை நீளம் குறைந்தால் வேறொரு துண்டை ஒட்டுவார்கள்; மிஞ்சினால் வெட்டுவார்கள். அவ்வாறு ஒட்டிய துண்டின் நிறமே போர்வைக்குத் தனி அழகைத் தந்துவிடும்.

நம் அண்டை மாநிலமாகிய கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி இன மக்கள் இருக்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து, பெரும்பாலும் அடிமைகளாக, கடல் வழியே கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்தில் ஒரு மூலையில் தொடங்கி, சுற்றிலும் துண்டுகளை வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே உள்நோக்கிச் சென்று நடுவில் முடிப்பார்கள். மூலைகளில் மடித்த துணியால் பூப்போன்ற முடிச்சு வைப்பார்கள். அது இல்லாத போர்வை ஆடையின்றி நிற்பதாகக் கருதுவார்கள். இவர்களுக்கென 2004-ஆம் ஆண்டில் மகளிர் போர்வைக் கூட்டுறவு அமைப்பு ஒன்றும் தொடங்கப்பட்டது.

ஒரு சாரார் நடுவிலிருந்து வெளியே செல்கின்றனர். மற்றவர் வெளியிலிருந்து நடுவுக்கு வருகின்றனர். இரு சாராரிடமும் வரைபடம் இல்லை. ஆனால் திட்டமான விதி உண்டு. பயிற்சி வகுப்பில் கற்பிக்க வேண்டியது இவ்விதியைத்தான். ஆசிரியர் தாம் தைத்த அழகிய போர்வையைச் சுவரில் மாட்டி வகுப்பைத் தொடங்கினால், மாலைக்குள் இருபது பேரும் அதன் இருபது பிரதிகளைத் தைத்திருப்பார்கள். அதனால் எவரும் மனோதர்மம் கற்றவர் ஆகார்.

வகுப்பு நடத்துவோர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். துணிகளை முன்னதாகவே நனைத்து உலர்த்திச் சுருக்கம் போக்கிவிட வேண்டும். சாயம் போகும் துணியை நீக்கிவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று அல்லது நான்கு நிறங்களுக்கு மேல் தரலாகாது. நிறம் பெருகினால் புதியவர் மனம் தடுமாறும். வழி இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி, நேர்த்துண்டுகளைக் கொண்டு தொடங்கச் செய்ய வேண்டும். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலத்துக்குக் குறையலாகாது. பிரியும் இயல்புள்ள தளர்ந்த நெசவுத் துணியாயின் அரை அங்குலம் வேண்டும். இரண்டு சுற்று முடிந்ததும் தரையில் விரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எங்கேனும் மேடாகப் புடைத்தால் அங்கே பிரித்து, மிகுதியை வெட்டித் தைக்கச் செய்ய வேண்டும். தையலின் உறுதியை ஆசிரியர் கண்டிப்பாகப் பரிசோதிக்கலாம். அடுத்த நிறம் எது என்று கேட்கும் மாணவிக்கு மட்டும் அவர் விடை கூறலாகாது. “இரண்டையும் வைத்துப் பார், அம்மா, எட்ட நின்று பார்” என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டும். கற்பிக்கும் பணியில் மிகக் கடினமான பகுதி இதுவே.

இனி, விற்பனையைப் பற்றிய ஆட்சேபம். ஜீஸ் பெண்ட் அமைந்த வில்காக்ஸ் மாவட்டத்தில் 1966-ஆம் ஆண்டு கறுப்பினப் பெண்கள் ‘பிரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பை நிறுவினர். வாக்காளராகப் பதிவு செய்ய முன்வந்ததற்காகப் பல குடும்பங்கள் நிலத்தையும் வேலையையும் இழந்திருந்த காலம் அது. அவர்களுடைய போர்வைகள் நியூயார்க் நகரில் ஏலத்தில் விற்கப்பட்டன. சங்கம் நிலம் வாங்கி, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு மனை தந்து, 1969-இல் சொந்தத் தையற்கூடமும் கட்டிக்கொண்டது. ஆனால் பெருங்கடைகள் ஒரே அளவில், ஒரே மாதிரியில் சரக்குக் கேட்டன. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துத் தரும் ஒப்பந்தம் கிடைத்தது. அது ஒழுங்கான கூலியைத் தந்தது. அங்கே மனோதர்மத்துக்கு இடமில்லை. எனினும், மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குச் சென்றன. தடித்த அத்துணி சிறு துண்டுகளுக்கு இசையாதாகையால், பெண்கள் அகன்ற பட்டைகளாகவே இணைத்துத் தைத்தனர். 2002-இல் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டு, பின்னர் நியூயார்க்கிலும் புகழ்பெற்றன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படத்துடன் பத்துத் தபால் தலைகளை வெளியிட்டது.

ஆர்டர் வேலை அடுப்பை எரித்தது. தம் விருப்பப்படி தைத்தது பேரைத் தந்தது. ஆகவே ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடச் சொல்லும் வாதம் எனக்கு உடன்பாடன்று. சங்கம் இரண்டையும் நடத்தலாம். ஆனால் கணக்கைத் தனித்தனியே வைக்க வேண்டும். ஒரே மாதிரிச் சரக்குக்கு உருப்படிக் கூலி பொருந்தும். மனோதர்மப் போர்வைக்கு அதே கூலியைக் கொடுத்தால், சிந்தித்துத் தைப்பவள் நஷ்டமடைவாள். அவசரமாகத் தைப்பவள் லாபமடைவாள். பின்னர் எவரும் சிந்திக்கமாட்டார்கள்.

புகழ் வந்தபின் எழும் சிக்கலையும் கருத வேண்டும். விற்பனையிலும் வடிவங்களைப் பயன்படுத்தியதிலும் வந்த வருவாயில் தங்களுக்குரிய பங்கு கிட்டவில்லை என்று ஜீஸ் பெண்ட் பெண்கள் சிலர் 2007-இல் நீதிமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டு அவ்வழக்குகள் முடிவுற்றன. நியாயம் எப்பக்கம் என்று ஆராய்வது இங்கே நம் வேலையன்று. வடிவம் யாருடையது, அது மறுமுறை பயன்பட்டால் பணம் யாருக்கு என்பதைச் சரக்கு வெளியே போகும் முன்னரே எழுதிக்கொள்ளும் சங்கத்துக்கு அத்தொல்லை குறையும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

ஆகவே நிர்வாகக் குழுக்களுக்கு என் யோசனைகள் இவை. மனோதர்மப் போர்வை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, தைத்தவர் பெயர், செலவான துணி, நாட்கள், விற்ற விலை ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அடக்க விலையும் சங்கத்தின் பங்கும் போக எஞ்சியது தைத்தவரைச் சேர வேண்டும். வகுப்பு நடத்த வெளியூர் நிபுணரைத் தேடுமுன், நம் அங்கத்தினரின் வீடுகளில் பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்துவரும் மூதாட்டிகள் இருக்கின்றனரா என்று விசாரிக்க வேண்டும். இருப்பின் அவர்களே ஆசிரியர்கள். பாராட்டுரையோடு நில்லாமல் உரிய ஊதியமும் தரவேண்டும். 1844-இல் ராச்டேல் நகரில் கடை தொடங்கிய முன்னோடிகள், பின்னர் தங்கள் உபரியில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென்றே ஒதுக்கினர். நம் சங்கங்களிலும் கல்விக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

வருகிற பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர விரும்பும் அங்கத்தினர்கள், முதலில் பத்துப் பேரைக் கொண்ட ஒரு வகுப்புக்கு மட்டும் அனுமதி கேட்கட்டும். அவ்வகுப்பில் தைத்தவற்றைச் சங்க அலுவலகத்தில் விரித்து வைத்து, பதிவேட்டையும் அருகில் வைத்தால், அடுத்த வகுப்பைப் பற்றி அங்கத்தினர்களே முடிவு செய்துகொள்வார்கள்.