பம்பைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

தக்காளியைப் பறித்துப் பெட்டியில் அடுக்கியாயிற்று. ஏலம் தொடங்குவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்து வண்டி "மிஸ்" அடிக்கிறது. ஐட்லிங்கில் குலுங்குகிறது, மேட்டில் இழுக்க மறுக்கிறது. அவசரத்தில் பட்டறைக்குப் போனால், "பம்ப் போயிடுச்சு, நாசிலையும் சேர்த்து மாத்திடலாம்" என்ற பதில்தான் பல நேரம் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் செலவான பிறகும் குலுக்கல் நிற்காமல் போவதுண்டு. கடைசியில் பார்த்தால், டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்திருக்கும்.

பயிர்களைப் பற்றிப் பேசும் பக்கத்தில் என்ஜின் எதற்கு என்று நினைக்க வேண்டாம். நெல் மஞ்சளானால் எடுத்தவுடன் யூரியா மூட்டையைத் தூக்காதீர்கள் என்று சொல்கிறோம். பழைய இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு, இளம் இலை முதலில் வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். பழைய லோடு வண்டிக்கும் அந்தப் பிரித்துப் பார்த்தல்தான் தேவை. விளைச்சல் பணமாக மாறுவது அந்த வண்டி ஏறித்தானே.

பட்டறைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களைக் கவனித்து வையுங்கள். காலையில் குளிர்ந்த நிலையில் மட்டும் மிஸ் அடிக்கிறதா, சூடேறிய பிறகும் அடிக்கிறதா? ஐட்லிங்கிலா, பாரம் ஏற்றியபோதா? புகை என்ன நிறம்? கடைசியாக டீசல் போட்டது எப்போது, பங்கிலா, மோட்டார் ரூமில் வைத்திருந்த கேனிலிருந்தா? இவற்றுக்குப் பதில் இருந்தால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. பதில் இல்லாவிட்டால் அவரும் ஊகத்தில்தான் ஸ்பேனரை எடுப்பார்.

முதல் சந்தேகம் டீசல் மேல்தான் இருக்க வேண்டும். பாதி காலியான டேங்கும் கேனும் இரவுக் குளிரில் உள்ளே வேர்க்கும். அந்த நீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். நாள்பட்டால் நீரும் டீசலும் சேரும் இடத்தில் பாசி போன்ற வழவழப்பு வளர்ந்து பில்டரை அடைக்கும். பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அது தண்ணீர். டேங்கை வடித்து, பில்டரை மாற்றி, ஏர் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது காற்று. இதில்தான் பலரும் ஏமாறுகிறோம். டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையில் உள்ள குழாயில் வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் டீசல் வெளியே சொட்டாது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்றுதான் உள்ளே போகும். ஈரமே இல்லாததால் அந்தக் குழாய் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. காலையில் நெடுநேரம் செல்ப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஆனபின்னும் ஏறி இறங்கி ஓடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சுத்தமான கேனில் நல்ல டீசலை ஊற்றி, புதுக் குழாய் போட்டு நேராக பீட் பம்புக்கு இணைத்து ஓட்டிப் பாருங்கள். என்ஜின் சீராக ஓடினால் கோளாறு டேங்கிலோ, லைனிலோ, டேங்கின் அடியில் உள்ள சல்லடையிலோதான். பம்பைத் தொடவே வேண்டாம். சிறிது தூரம் நன்றாக ஓடிவிட்டு இழுவை குறைந்தால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. அறுவடைக் காலத்தில் தூசியும் வைக்கோல் துகளும் ஏர் பில்டரை அடைத்துவிடும் என்பதால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். நீலப் புகை, என்ஜின் ஆயில் எரிவதன் அடையாளம். குளிர்ந்த நிலையில் வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல். அது சூடேறியும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ போலத் தெரிந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குலுக்கல் நிற்கவில்லை என்றால்தான், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தேட வேண்டும். 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்க்காரர்களின் குட்டி யானை, 702 சிசி கொண்ட இரண்டு சிலிண்டர் வண்டி. ஒரு சிலிண்டர் படுத்தால் பாதி பலம் போய்விடும். பெரிய பிக்கப்களில் நான்கு சிலிண்டர் இருப்பதால் குலுக்கல் அவ்வளவு தெரியாது, இழுவைதான் குறையும். பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனி இரும்புக் குழாய் போகும் பழைய வகை என்ஜினில், ஐட்லிங்கில் ஓடும்போது மெக்கானிக் ஒரு நாசிலின் குழாய் நட்டை அரைச் சுற்று தளர்த்திப் பார்ப்பார். சத்தம் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் படுத்திருக்கிறது. குட்டி யானையில் நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் என்ஜின் அப்படியே நின்றுவிடக்கூடும்.

படுத்த சிலிண்டரின் நாசிலைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். கோளாறு நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால், அந்த ஒரு நாசிலை மட்டும் பம்ப் கடையில் டெஸ்டரில் போட்டுப் பார்த்தால் போதும். பழைய இடத்திலேயே நின்றால் டேப்பட் இடைவெளியையும் கம்ப்ரஷனையும் அளக்க வேண்டும். செலவு பெரிதாவது இங்கிருந்துதான். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்பதையும் பாருங்கள். வந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா சிலிண்டரும் நன்றாக இருந்தும் ஐட்லிங்கில் மட்டும் குலுங்கினால், என்ஜின் மவுண்டிங் ரப்பரை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நட்டைத் தளர்த்தும் இந்தச் சோதனையை காமன் ரெயில் என்ஜினில் ஒருபோதும் செய்யக் கூடாது. எல்லா நாசில் குழாய்களும் ஒரே தடித்த குழாயில் சேர்ந்து, ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மின்வயர் செருகியிருந்தால் அது காமன் ரெயில். அதிலுள்ள அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் உள்ள பட்டறைதான் சரி. பழைய வகையிலும் நாசில் வாயருகே கையை நீட்டக் கூடாது. டீசல் தோலுக்குள் புகுந்தால் காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அப்போதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று சொல்ல வேண்டும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண்மைப் பொறியியல் துறையும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்தும் இயந்திரப் பயிற்சிகளில் டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் இடம் உண்டு. லோடு வண்டிக்கும் அரை நாள் ஒதுக்கலாம். அந்த வகுப்புக்குப் படம் காட்டும் கருவி தேவையில்லை. ஒரு பழைய வண்டி, ஒரு கண்ணாடி பாட்டில், இரண்டு மீட்டர் குழாய், உள்ளூர் மெக்கானிக் ஒருவர் போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, டீசல் போட்ட நாள், பில்டர் மாற்றிய கிலோமீட்டர், மிஸ் அடித்த நேரம் மூன்றையும் டிரைவரையே எழுதச் சொல்லலாம்.