தேர் போதாது, கத்தரியும் வேண்டும்

தருமபுரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நாற்பது வருஷங்களுக்கு முன் அவருடைய மாமியார் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், தம் கையாலேயே கொல்லைப்புறத்தில் ஒரு முல்லைக் கொடி நட்டாராம். அது வளர்ந்து பந்தலை மூடி, மாடிக் கைப்பிடிச் சுவர் வரை ஏறிவிட்டது. ஆனால் மூன்று வருஷமாகப் பூவே இல்லை. எங்கோ உச்சியில் நாலு மொட்டு தெரிகிறது. பறிக்க ஏணி வேண்டும். "கொடியைக் கொஞ்சம் வெட்டிவிடலாமா, அத்தை?" என்று கேட்டால், "பூத்த கொடியில் கத்தி வைக்கிறதா? நான் இருக்கிற வரை கூடாது!" என்கிறாராம் மாமியார். கணவரோ, குப்பைதான் கொட்டுகிறது, வேரோடு எடுத்துவிட்டுச் சிமெண்டுத் தரை போட்டுவிடலாம் என்கிறார். இதற்கு நடுவில் இங்கிலாந்தில் இருக்கும் மகள், தன் வீட்டு வாசலில் தட்டுத் தட்டாய்ப் பூத்திருக்கும் கிளெமாட்டிஸ் கொடியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். "முல்லையை எடுத்துவிட்டு அதை வைக்கலாமா?" என்பது சகோதரியின் கேள்வி.

கிளெமாட்டிஸ் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அது குளிர்நாட்டுக் கொடி. வெயில் இலையில் பட வேண்டும், வேர் மட்டும் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர் காலத்தில் நன்றாகத் தூங்கி எழ வேண்டும். தருமபுரிச் செம்மண்ணும் சித்திரை வெயிலும் அதற்கு ஒத்துவராது. ஆசைக்கு வாங்கி வைத்து, அது வாடுவதைப் பார்த்து வருந்துவானேன்?

ஆனாலும் உங்கள் மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். கோடைக் கடைசியில் பூக்கும் கிளெமாட்டிஸ் வகைகளை அங்கே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுவார்கள். வெட்டாவிட்டால் அடியெல்லாம் வெறும் குச்சியாகி, உச்சியில் மட்டும் பூக்கும். உங்கள் முல்லைக்கு வந்திருக்கிற நோவும் அதேதான்!

முல்லை பூப்பது புதுத் தளிரில். பழைய கொடி எவ்வளவு நீளம் இருந்தாலும் அதனால் பிரயோஜனம் இல்லை. வேர் உறிஞ்சும் சத்தெல்லாம் அந்தக் காய்ந்த பின்னலைக் காப்பாற்றவே செலவாகிவிடுகிறது. உள்ளே வெயிலும் காற்றும் நுழையாமல் பூச்சிகள் குடியேறுகின்றன. அதனால்தான் தருமபுரிப் பக்கத்துப் பூந்தோட்டக்காரர்கள் வருஷம் தவறாமல் கவாத்து செய்கிறார்கள். அவர்களுக்குப் பூதான் சோறு. கொடிக்குக் கெடுதல் என்றால் செய்வார்களா? இதை உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மல்லிகை இனத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. நினைவு வைப்பது சுலபம். குண்டுமல்லிக்குக் கார்த்திகை, அதாவது நவம்பர் கடைசி வாரம். ஜாதிமல்லிக்கு மார்கழி, டிசம்பர் கடைசி. முல்லைக்குத் தை, பொங்கல் கழிந்து, ஜனவரி கடைசி வாரம். குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டரும், மற்ற இரண்டையும் 45 சென்டிமீட்டரும் விட்டு வெட்ட வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை அடி.

வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். கத்தரி கூர்மையாக இருக்கட்டும்; மொண்ணைக் கத்தி தண்டை நசுக்கிவிடும். பட்டுப்போனது, நோய் கண்டது, குறுக்கே பின்னியது ஆகியவற்றை முதலில் அடியோடு எடுங்கள். பிறகு மிச்சத்தைச் சாய்வாக வெட்டுங்கள். வெட்டியதும் அடிமண்ணைக் கொத்தி, பத்துக் கிலோ மக்கிய தொழு உரமும் இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கும் கலந்து தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். தளிர் வரும், பங்குனி, சித்திரையில் மொட்டும் வரும்.

உங்கள் கொடிக்கு நாற்பது வயது. இளங்கொடி போல ஒரே நாளில் மொட்டை அடிக்க வேண்டாம். இந்தத் தையில் பாதித் தண்டுகள், அடுத்த தையில் மீதி என்று செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் செய்தால் மாமியாரின் மனமும் சமாதானமாகும். மழைக் காலத்தில் தாழ்வான, முற்றிய ஒரு கொடியை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணுக்குள் பதித்து மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு மாதத்தில் வேர் விட்டுவிடும். இதுதான் பதியன். தாய்க் கொடிக்கு என்ன ஆனாலும், அவர் வைத்த முல்லை அந்த வீட்டில் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். தருமபுரியில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பது தெரிந்ததே. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். அந்தக் காவிரி நீர் குடிப்பதற்கு. செடிக்கு ஊற்றி வீணாக்காதீர்கள். அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் முல்லைக்குப் போதும். சோப்புத் தண்ணீர் மட்டும் கூடாது. இலை நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் வெளுத்தும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். மொட்டுகள் ஊதா நிறமாகி ஓட்டை விழுந்தால் மொட்டுப் புழு. அவற்றைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. அவனோடு சேர்த்து எண்ணப்படும் கடையெழு வள்ளல்களில் ஒருவனான அதியமான் ஆண்ட தகடூர்தான் உங்கள் தருமபுரி. கொழுகொம்பு கொடுப்பது பெரிய தயைதான். ஆனால் ஏறிய கொடியை வருஷத்துக்கு ஒரு முறை இறக்கிவிடுவதும் தயைதான், அம்மா!

ஆகவே கணவரிடம் சிமெண்டை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். தை பிறந்ததும் கத்தரியை மாமியார் கையிலேயே கொடுங்கள். நட்ட கையே முதல் வெட்டு வெட்டட்டும். சித்திரையில் முதல் முழத்தை அவருடைய தலையில் நீங்கள் வையுங்கள்.