யந்திரம் நம் பட்டறையில், சாவி யார் கையில்?

மேஜை மேல் அடங்கும் சின்ன சி.என்.சி. யந்திரம் இன்று பெரிய ஆலைகளின் சொத்து மட்டுமல்ல. வேளச்சேரி போன்ற இடங்களில் ஒரு வாலிபன் வீட்டுக் கூடத்திலேயே அதை வைத்துக்கொண்டு, பெயர்ப்பலகையும் பூஜை அலமாரிக்குச் சித்திர வேலையும் செய்யலாம். பொழுதுபோக்காக வாங்கியது பலருக்குப் பிழைப்பாகவும் ஆகலாம். ஆகவே இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கடன் வாங்கி யந்திரம் வாங்குகிறவன் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. அந்த யந்திரத்தை ஓட்டும் மென்பொருள் தன் கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டுமா, கடல் கடந்த கம்பெனியின் கம்ப்யூட்டரில், அதாவது கிளவுடில், இருக்கலாமா?

விஷயத்தை எளிதாகப் பார்ப்போம். இந்த யந்திரத்தில் வேலை மூன்று படியாக நடக்கிறது. முதலில் படம் வரைவது. இரண்டாவது, வெட்டும் உளி எந்த வழியே, எவ்வளவு ஆழத்தில், என்ன வேகத்தில் போக வேண்டும் என்று கணக்கிட்டு வரிவரியாக உத்தரவு எழுதுவது. அந்த உத்தரவுக்கு ஜி-கோடு என்று பெயர். மூன்றாவது, அந்த உத்தரவை மோட்டாருக்குச் சொல்லி ஓட்டுவது.

ஜக்கார்டு தறியில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. துளை போட்ட அட்டைகள்தாம் பூவையும் கரையையும் தீர்மானிக்கின்றன. அட்டை தறியின் மேலேயே தொங்குகிறது. நெய்கிறவன் நினைத்தால் தறி ஓடும். அதே அட்டையை முதலாளி தன் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, தினம் காலையில் வந்து கேட்டு வாங்கிப் போ என்றால் என்ன ஆகும்? தறி நெசவாளியுடையதுதான், ஆனால் நெசவு யாருடையது?

கிளவுட் முறையில் சௌகரியம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டாம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு அது சுலபம். வீட்டில் வரைந்ததைப் பட்டறையில் திறந்து பார்க்கலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் குத்தகைக்காரனுக்கும் முதல் வருஷம் நிலம் இனிப்பாகத்தான் இருக்கும். நிபந்தனை மாறும்போதுதான் நிலம் யாருடையது என்று தெரியும்.

நிபந்தனை மாறிய கதைகளைக் கேளுங்கள். ஆட்டோடெஸ்க் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஃபியூஷன் 360 மென்பொருளைச் சொந்த உபயோகக்காரர்கள் இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2020 செப்டம்பரில் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டது. உளி எதையும் வெட்டாமல் நகரும்போது வேகமாக ஓடும் வசதி இலவசக்காரர்களுக்கு இனி இல்லை. திருத்தக்கூடிய வேலைகள் பத்துக்கு மேல் கூடாது. யந்திரம் அதே யந்திரம்தான், ஆனால் அதே வேலைக்கு நேரம் கூடிற்று.

2021 மார்ச்சில் கிரிகட் என்ற காகிதம் வெட்டும் யந்திரக் கம்பெனி, மாதச் சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படங்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்றது. யந்திரத்துக்கு முழு விலை கொடுத்தவர்களுக்கு இந்த உத்தரவு! வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து கூக்குரல் எழுப்பினார்கள். அதே மாதத்தில் கம்பெனி பின்வாங்கிற்று. ஒற்றுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

இன்னும் பெரிய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. குஜராத்தில் வாடினாரில் உள்ள நயாரா எனர்ஜி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆண்டுக்கு 2 கோடி டன் சக்தி கொண்டது. அதில் ரஷ்யக் கம்பெனிக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் அதன் மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் சேவைகளை நிறுத்திற்று. இந்திய மண்ணில் உள்ள ஆலை, டில்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டி வந்தது. அதன் பிறகே சேவை திரும்பியது. இவ்வளவு பெரிய ஆலைக்கே இந்த கதி என்றால், வேளச்சேரியில் ஒற்றை யந்திரம் வைத்திருப்பவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

விவசாயத் தோழர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2022-இல் உக்ரைனின் மெலிடோபோலிலிருந்து திருடிச் செல்லப்பட்ட ஜான் டீர் அறுவடை யந்திரங்கள் தூரத்திலிருந்தே முடக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. திருடனை முடக்கியது சரிதான் என்று தோன்றும். ஆனால் திருடனின் யந்திரத்தை நிறுத்தும் கை, தவணை தவறிய விவசாயியின் யந்திரத்தையும் நிறுத்த முடியும் அல்லவா?

மழைக்கு வருவோம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி தண்ணீரில் மிதந்ததை யாரும் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்து, மின்சாரமும் வந்துவிட்டது என்று வையுங்கள். இணையம் மட்டும் வரவில்லை. கிளவுடை நம்பிய யந்திரம் புது வேலை தொடங்காமல் நிற்கும்; பக்கத்து வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் யந்திரம் மரத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கும். மழையில் நாலு நாள் கூலி இழந்தவனுக்கு ஐந்தாம் நாளும் கூலி இல்லை என்பது சின்ன விஷயமா?

நிற்க. இந்த யந்திரத்தை ஓட்டத் தூரத்துக் கம்ப்யூட்டர் உண்மையிலேயே தேவையா? இல்லவே இல்லை. மோட்டாரை அடிக்கு அடி நகர்த்தும் துடிப்புகளை யந்திரத்தின் பக்கத்தில் உள்ள சின்னப் பலகைதான் உண்டாக்குகிறது. ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருள் எல்லோருக்கும் இலவசம். அதன் மூல வரிகளையும் யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ரிச்சி தெருவில் கிடைக்கும் ஆர்டினோ ஊனோ பலகையின் 32 கிலோபைட் நினைவகத்தில் அது அடங்கிவிடுகிறது. விநாடிக்கு 30,000 துடிப்பு வரை கொடுக்கிறது. பெரிய யந்திரங்களுக்கு லினக்ஸ் சி.என்.சி. இருக்கிறது. அமெரிக்க சர்க்காரின் தர நிர்ணய நிறுவனம் ஜனங்களின் வரிப்பணத்தில் உருவாக்கிய மென்பொருளிலிருந்து வளர்ந்தது அது.

சரித்திரத்தையும் பாருங்கள். 1940-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஒரு முறை உருவாயிற்று. தேர்ந்த தொழிலாளி ஒரு தடவை கையால் செய்து காட்டுவான். அந்த அசைவை நாடா பதிவு செய்துகொள்ளும். யந்திரம் திரும்பச் செய்யும். ஆனால் வென்றது அந்த முறையல்ல. விமானப் படையின் பணத்தில் எம்.ஐ.டி. 1952-இல் செய்து காட்டிய முறையே வென்றது. அதில் உத்தரவு ஆபீசில் எழுதப்படும். பட்டறையின் அதிகாரத்தை நிர்வாகத்தின் கைக்கு மாற்றும் ஆசையும் இதற்கு ஒரு காரணம் என்று டேவிட் நோபிள் என்ற சரித்திராசிரியர் 1984-இல் எழுதிய நூலில் வாதிட்டார். அன்று பட்டறையிலிருந்து ஆபீசுக்குப் போன சாவி, இன்று ஆபீசிலிருந்து கடல் தாண்டிப் போகிறது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். யந்திரம் வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இணையத்தைப் பிடுங்கினால் ஓடுமா? நான் எழுதிய ஜி-கோடை என் பெட்டியில் சேமிக்க முடியுமா? கம்பெனி மூடினாலும் வேறு மென்பொருளால் ஓட்ட முடியுமா? படம் வரையக் கிளவுட் வேண்டுமென்றால் பயன்படுத்துங்கள். ஓட்டும் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

சர்க்காரிடமும் ஒரு கோரிக்கை உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டத்தில், புதிய மையங்களின் திறப்பு 2023-இல் தொடங்கிற்று. நல்லது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் கம்பெனி மென்பொருளோடு, லைசென்சு கட்டாமல் வீட்டுக்கு எடுத்துப்போய் ஓட்டக்கூடிய மென்பொருளையும் கற்றுக்கொடுக்க வேண்டும். படிப்பு முடிந்த அன்றே கருவியும் பறிபோனால், அந்தப் பிள்ளை கற்றது தொழிலா, ஒரு கம்பெனியின் பழக்கமா?

வியர்வை சிந்தி வாங்கிய யந்திரம் நம்முடையது. அதன் சாவியும் நம்மிடமே இருக்கட்டும்.