பழைய போனில் இணையப் பக்கம் திறக்க மறுப்பது ஏன்? "சான்றிதழ்" செய்த வேலை!

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே திறந்துச்சு! இன்னிக்கு மட்டும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை'ங்குதே!"

பழைய செல்போன், பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இப்படி அலுத்துக்கொள்கிறார்கள். நெட் கனெக்‌ஷன் கொடுத்தவரைத் திட்டுகிறார்கள். கோளாறு அங்கே இல்லை. கையில் இருக்கும் கருவியில்!

இதன் விவரம் வருமாறு:-

பாங்கி, ரெயில் டிக்கெட் போன்ற பக்கங்களைத் திறந்ததும், "நான் போலி அல்ல" என்று அந்தப் பக்கம் ஒரு சான்றிதழை நீட்டும். அதில் கையெழுத்துப் போட்டவர் நம்பகமானவரா என்று கருவி தன்னிடம் உள்ள பட்டியலைப் புரட்டிப் பார்க்கும். பட்டியலில் பெயர் இல்லையா? கதவு திறக்காது!

போன் கம்பெனி அப்டேட் அனுப்புவதை நிறுத்தினால், பட்டியலும் அன்றோடு நின்றுபோகும்.

30-9-2021

அமெரிக்காவின் "லெட்ஸ் என்கிரிப்ட்" அமைப்பு 2015 முதல் இலவசச் சான்றிதழ் வழங்குகிறது. ஆரம்பத்தில் அது வேறொரு நிறுவனத்தின் மூலச் சான்றிதழை நம்பி இருந்தது. அது 30-9-2021 அன்று காலாவதி ஆனது. லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த மூலச் சான்றிதழோ, 2016 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்திய போன்களுக்குத் தெரியாது. ஒரு விசேஷ ஏற்பாட்டால் 3 ஆண்டு தள்ளிப்போட்டார்கள். 2024-ல் அதுவும் முடிந்தது.

பேட்டரி, திரை எல்லாம் நன்றாக இருக்கிற போன்! ஒரு பட்டியலை அனுப்பாததால் பாதி உதவாததாகி விட்டது. இது என்ன நியாயமோ!

எக்ஸ்பி

விண்டோஸ் எக்ஸ்பி கதை வேறு. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் கைகழுவிய அதன் சொந்த பிரவுசருக்கு "டி.எல்.எஸ். 1.0" என்ற பழைய ரகசிய பாஷை வரைதான் தெரியும். பாதுகாப்பில்லை என்று அது 2021 மார்ச்சில் ஒதுக்கப்பட்டது. எதிர்முனை 1.2-ல் பேச, இது திருதிருவென விழிக்கிறது.

தேதி சரியா?

கடைக்காரர்கள் புதுப் பெட்டி வாங்க ஓடும் முன் கம்ப்யூட்டரில் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் வில்லை பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். அப்போது நல்ல சான்றிதழைக்கூட "இன்னும் அமலுக்கு வரவில்லை" என்று தள்ளிவிடும். பேட்டரி மாற்றினால் தீர்ந்தது!

பழைய போனில் பயர்பாக்ஸ் ஏற்கனவே இருந்தால் சில பக்கங்கள் திறக்கலாம். அது தன் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது.

"பரவாயில்லை, உள்ளே போ" என்ற பொத்தானை மட்டும் அவசரத்தில் அமுக்காதீர்கள். சான்றிதழ் பழசா, நடுவே திருடன் நிற்கிறானா என்பது பல சமயம் அந்த போனுக்கே தெரியாது. பாங்கிக் கணக்கை வீட்டில் வேறு யாருடைய புது போனிலாவது பார்த்துக்கொள்ளலாம்.