வீட்டுக்கு வரும் பீ.எச்.ஐ.யும் நமது அச்சமும்

2021இல் கொரோனா தொற்றாளர்களை வீட்டிலேயே வைத்துக் கண்காணிக்கும் நடைமுறை வந்த பின்னர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நமது வீடுகளுக்கு வருவது அன்றாட விடயமாகியிருந்தது. மழை தொடங்கினால் டெங்கு பரிசோதனைக்கும் அவர்களே வர வேண்டும். இவ்வாறு வீடு வீடாகச் செல்பவர் மூலமே தொற்று பரவிவிடக் கூடாது. விசாரணையை வாசலிலோ முற்றத்திலோ வைத்துக்கொள்வது, இரு தரப்பும் முகக்கவசம் அணிவது, உள்ளே போக நேர்ந்தால் யன்னல்களைத் திறந்துவிட்டு சில நிமிடங்களில் வெளியேறுவது, தொலைபேசியில் கேட்கக்கூடியதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது போன்றவை எளிதாகச் செய்யக்கூடியவை.

ஆனால் நமது ஊர்களில் இதைவிடப் பெரிய ஆபத்து, வீட்டார் உண்மையை மறைப்பதுதான். அதற்குக் காரணமும் உண்டு. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொரோனாவால் மரணிப்போரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியும் அது மாற்றப்படவில்லை. ஜனாஸா எரிக்கப்படுமோ என்ற பயத்தில் பலர் பரிசோதனைக்கே தயங்கினார்கள். 2021 பெப்ரவரி 25இல் அனுமதி கிடைத்து, மார்ச் 5இல் ஓட்டமாவடியில் நல்லடக்கம் ஆரம்பமானது. சட்டம் மாறிவிட்டது. பயம் உடனே முழுதாக நீங்கிவிடவில்லை.

1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தைக் காட்டி ஒரு வீட்டின் கதவைத் திறக்க வைக்கலாம். யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற சரியான பட்டியலை அப்படிப் பெற முடியாது. எனவே தமிழில் பேசக்கூடிய ஒருவர், கமராவும் கூட்டமும் இல்லாமல் வர வேண்டும். பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தரையும் அழைத்து வருவது நல்லது. நோயாளியின் பெயர் முகநூலுக்குப் போகாது என்ற உத்தரவாதமும் தேவை.

நமக்கும் பொறுப்புண்டு. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் கூறுமாறு அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. அந்த ஒழுங்கோடு வருபவரிடம் காய்ச்சலை மறைப்பது, பக்கத்து வீட்டு முதியவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதில் உதவலாம். நோயாளர் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. வருகை தரும் நாளை ஒலிபெருக்கியில் முன்கூட்டியே அறிவிப்பதும், தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு உலர் உணவு சேர்ப்பதும் போதும். தொழிலுக்குப் போகாவிட்டால் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள் என்ற கவலை தீர்ந்தால், பலர் தாமாகவே உண்மையைச் சொல்வார்கள்.